மதிவாணன் பத்தியம் கிடந்த கதை

காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் பிள்ளை பெறாமலே பத்தியம் கிடந்த ஆள் மதிவாணன் ஒருவனாகத்தான் இருக்கும். எண்ணெய்க்கான பழக்குலை வெட்டுகிறவன். நாற்பத்தைந்து வயது, வாட்டசாட்டமான உடம்பு, மீசைக்கென்றே சட்டைப் பையில் ஒரு சீப்பு. அப்பேர்ப்பட்ட ஆள் முன்கூடத்தில் பலகைமேல் பாய் விரித்து மல்லாந்து கிடந்தான். காதை மூடித் தலையில் துண்டு. காலில் மகளுடைய பழைய பள்ளிக்கூடக் காலுறை. இடுப்பிலிருந்து விலா வரைக்கும் கெட்டித்துணி மூச்சுவிட இடமில்லாமல் சுற்றியிருந்தது. வெளியே தார் இளகுகிற வெயில். உள்ளே மின்விசிறிக்குத் தடை, போதாததற்குச் சாம்பிராணிப் புகை வேறு.

பக்கத்து வீட்டுச் செல்லப்பன் தினமும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்.

“என்னா மதி, ஆணா பொண்ணா?”

“ரெட்டப் புள்ளண்ணே. உள்ள வாங்க, ஒன்னு ஒங்களுக்குத் தரேன்.”

சிரித்தால் இடுப்பில் சுள்ளென்று குத்தும். அதனால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே பகடி பேசப் பழகியிருந்தான்.

ஏற்பாடெல்லாம் அவன் அக்கா மலருடையது. லாபிஸில் இருப்பவள். பிள்ளை பெற்ற வீடுகளில் போய்த் தங்கி, தாய்க்கும் பிள்ளைக்கும் பத்தியம் பார்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஜொகூர் பாருவிலிருந்து, ஏன், சிங்கப்பூரிலிருந்துகூட மாசமாக இருக்கும்போதே சொல்லிவைத்து அழைத்துப் போவார்கள். மிளகு, பூண்டு, காய உருண்டை, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர், மலாய்க்காரப் பெண்களிடம் கற்றுக்கொண்ட பெங்கோங் என்கிற இடுப்புக்கட்டு. அவள் கைபட்ட எந்தப் பெண்ணும் தேறாமல் போனதில்லை. உடம்பு என்று ஒன்று நொந்துபோனால் அதைத் தேற்ற மலருக்குத் தெரிந்தது இந்த ஒரே வழிதான். தம்பிக்கு இடுப்பு போய்விட்டது என்று கேட்டதும் தொழில் சாமான்களை அப்படியே பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இடுப்பு போனதும் இரண்டு தவணையாகத்தான் போனது. முதல் தடவை மரத்தடியில். மட்டைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட ஒரு குலையை, நின்ற இடத்திலிருந்தே உடம்பைத் திருகி இழுத்தான். இடுப்புக்குள் என்னவோ நழுவியது. குளுவாங்கில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் படமெடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஒரு வட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது, அறுக்கத் தேவையில்லை, மாத்திரை சாப்பிட்டுப் பக்குவமாக இருந்தால் தேறிவிடும் என்றார்கள். மாத்திரை நன்றாகவே கேட்டது. சில நாளில் வலி போன இடம் தெரியவில்லை. அந்தத் தெம்பில்தான், கேஸ் தோங் கொண்டுவந்த ஆள் “நான் உள்ள வெக்கிறேன்” என்றதையும் கேட்காமல், நிரம்பிய உருளையை ஒரே வீச்சில் தூக்கினான். அப்போது அவன் போட்ட சத்தத்துக்கு லயத்துக் கோழிகளெல்லாம் கலைந்து ஓடின. மனைவி செல்வராணி குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்து பார்த்தாள். மனுசன் தோங்கைக் கட்டிப் பிடித்தபடி தரையில் கிடந்தான்.

அதற்குப் பிறகு மலர் வந்தாள். பலகை வந்தது, பெங்கோங் வந்தது. பாதிமாதம் போய் முக்கால் மாதமும் போனது.

இதற்கிடையில் மண்டோர் ஜெயபாலன் ஒருநாள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மதிவாணனின் மேலாள். நல்ல மனுசர், சுற்றி வளைக்கத் தெரியாது.

“மதி, அடுத்த மாசக் கடைசி வரைக்கும் ஒன் நிரைய கூட வெட்டற சுப்ரி பாத்துக்குவான். அதுக்கப்பறம் மேனேஜரு புதுசா ஆளு போட்டுருவாரு. ஒனக்கு வேல இல்லாம போவாது, கேட்டுல ஜாகா கொட்டாய் காலியா இருக்கு. ஒக்காந்த எடத்துல சம்பளம். நீ யோசிச்சுச் சொல்லு.”

நிரை என்றால் ஒருவன் பொறுப்பில் விட்ட மர வரிசை. ஜாகா வேலை என்றால் காவல் வேலை. தகரக் கொட்டகைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து லாரி எண்ணை எழுதிக்கொள்வது. மதிவாணன் அந்த வேலையைக் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் அவனுக்கு வெட்டுப் பிடிக்கும். காலையில் மட்டை நுனியெல்லாம் பனி சொட்ட, நீளக் கம்பின் உச்சியில் கட்டிய அரிவாளைக் குலையின் காம்பில் கோத்து, இரண்டு எட்டுப் பின்வாங்கி ஒரே சுண்டு சுண்டுகையில், அவ்வளவு உயரத்திலிருந்து குலை தரையதிர வந்து விழும். அந்தச் சத்தம் இல்லாமல் தனக்கு ஒரு நாள் விடியும் என்று அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மண்டோர் போனபின் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொள்ளச் சாம்பிராணி வசதியாக இருந்தது.

மருத்துவமனையில் உடற்பயிற்சிப் பிரிவுக்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். மலருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

“பத்தியத்துல இருக்கற ஒடம்ப வெளியில கொண்டு போவாங்களா? கார்ல ஏர்கோன் வேற. காத்து பூந்துருச்சுன்னா அப்பறம் அது ஆயுசுக்கும் போவாது லா.”

“அண்ணி, போவலன்னா லீவு லெட்டர் தர மாட்டாங்க” என்றாள் செல்வராணி. அவள் குரலை உயர்த்துகிறவள் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் சோற்றுப் பானையைக் கிளறப் போய்விடுவாள்.

கடைசியில் கார் சன்னலெல்லாம் ஏற்றி, ஏர்கோனையும் அணைத்து, தலைத்துண்டு காலுறையோடு புழுங்கிப் புழுங்கிக் குளுவாங் போய்ச் சேர்ந்தார்கள். பயிற்சி கொடுக்கிற பெண்ணின் பெயர் ஸ்டெஃபனி. லோஷினியைவிட, அதாவது மதிவாணனின் மகளைவிட, கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள். கிட்டே வந்தவள் வாசம் பிடித்தாள்.

“அங்கிள், வீட்டுல யாரு புள்ள பெத்துருக்கா?”

“ஏம்மா?”

“எங்க அக்கா பத்தியத்துல இருந்தப்ப வீடு பூரா இதே வாசம். காயம், வேப்பெல, நல்லெண்ண.”

மலர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒங்க அக்காவுக்கு யாரும்மா பாத்தாங்க? செகாமாட்டு அஞ்சலையா? அவ பூண்டே சரியா போட மாட்டாளே.”

ஸ்டெஃபனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மதிவாணனை நிற்கவைத்து, பெங்கோங்கைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். கடைசிச் சுற்று கழன்றதும் அவனுக்குத் தான் நடுவில் இரண்டாக ஒடிந்து விழப்போவதாகவே தோன்றியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“பயப்படாதீங்க. இந்த ஸ்டூல்மேல இருக்கற பேனாவ எடுங்க.”

முழங்கால் உயர ஸ்டூல்தான். பச்சைப் பிள்ளைகூட எடுக்கும். மதிவாணன் குனியப் பார்த்தான். இடுப்பு வளைவதற்கு முன்பே அப்படியே நின்றுவிட்டான். வலி வரவில்லை. வந்துவிடும் என்ற நினைப்பே அவனைக் கட்டிப்போட்டது.

“முடியலம்மா” என்றான். எத்தனையோ டன் பழம் இறக்கிய கை ஒரு பேனாவுக்கு நீள மாட்டேன் என்றது. அவமானத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான்.

“அங்கிள், ஒங்க வட்டு பாதிக்கு மேல ஆறிருச்சு. இப்ப ஒங்களப் புடிச்சு வெச்சிருக்கறது அது இல்ல. படுத்துப் படுத்துக் காலு, இடுப்பு சதையெல்லாம் சோம்பேறியாயிருச்சு. இவ்வளவு இறுக்கமா எப்பவும் கட்டிக்கிட்டே இருந்தா ஒடம்பு என்னா நெனைக்கும்? நம்ம வேலையதான் துணி பாக்குதேன்னு விட்டுரும்.”

“அப்ப முன்ன மாரியே எல்லாம் செய்யலாமா?”

“அலமாக், அதுவும் இல்ல! கேஸ் தோங் கத என்னான்னு ஃபைல்ல இருக்கு.” விரலை ஆட்டினாள். “ஒன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. இன்னிக்கு எவ்வளவு முடியுதுன்னு பாக்காதீங்க. மறுநாள் காலைல ஒடம்பு என்னா சொல்லுதுன்னு பாருங்க. காலைல வலி கூடிப் போயிருந்தா, மொத நாளு செஞ்சது ஜாஸ்தி, கொறைங்க. அப்படியேதான் இருக்குன்னா, கொஞ்சம் ஏத்துங்க. செய்யும்போது கொஞ்சம் வலிச்சா பரவால்ல. வலிக்கறதெல்லாம் ஒடையறது இல்ல. கால் மரத்துப் போச்சு, ஒன்னுக்குப் போறது தெரியல, அப்படி எதாச்சும்னா மட்டும் ஒடனே ஓடி வந்துரணும்.”

“எண்ண தேய்க்கறது?” என்றாள் மலர், விறைப்பாக.

“நல்லா தேய்ங்க ஆன்ட்டி. வெந்நி ஊத்துங்க. சூப்பு குடுங்க. எனக்கும் கொஞ்சம் குடுத்து வுடுங்க.”

மலர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் சாமான்களைப் பையில் எடுத்து அடுக்கத் தொடங்கினாள். பெங்கோங்கை இத்தனை அழகாக மடித்து மதிவாணன் பார்த்ததே இல்லை.

“அக்கா, என்னா செய்யற?”

“எனக்கு ஜொகூர் பாருல ஒரு புள்ளத்தாச்சி காத்துக்கிட்டு இருக்கா. படிச்சவங்க வந்துட்டாங்கல்ல, இனிமே நான் எதுக்கு? எத்தன ஒடம்பு பாத்துருப்பேன் நானு. ஒன்னு, ஒன்னாச்சும் கெட்டுப் போயிருக்கா?”

“கெட்டதில்லக்கா. ஆனா நீ பாத்தவங்கல்லாம் எந்திரிச்சாங்க. புள்ள அழுவுது, தூக்கணும். பாலு குடுக்கணும், ஈரத்துணி மாத்தணும். நாள் முழுக்க எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காந்தாங்க. எனக்குத் தூக்க என்னாக்கா இருக்கு? நான் சும்மாவே கெடந்தேன்.”

மலரின் கை நின்றது. பிறகு, “அத நீ முன்னாடியே சொல்லிருக்கணும் லா, மடப்பயலே” என்று சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தை வெளியே எடுத்தாள்.

மறுநாள் முதல் மதிவாணன் நடந்தான். முதலில் வீட்டிலிருந்து கோயில் வரை, பிறகு சின்னப் பாலம் வரை. மலர் ஒன்றை நம்பிவிட்டால் அரைகுறையாக நம்பத் தெரியாதவள். படுக்கச் சொன்ன அதே வாயால் இப்போது நடக்கச் சொல்லி விரட்டினாள். பின்னாலேயே குடையோடு வருவாள். “என்னாடா அன்ன நட? வீசி நட! கைய வீசு லா!” என்று அவள் போடும் கூச்சலில் தோட்டமே எட்டிப் பார்த்தது. “போதும்க்கா, இன்னிக்கு இவ்வளவுதான்” என்று அவன் திரும்பினால், “அந்த மொனைக்குப் போயிட்டு வந்துரு” என்பாள். அக்கா போட்ட படுக்கையிலிருந்து தப்பியதைவிட அவள் விரட்டிய நடையிலிருந்து தப்புவது பெரும்பாடாக இருந்தது.

நடை பழகியதும் முழங்காலை மடக்கிக் குனியப் பழகினான். வாளியில் கால்வாசித் தண்ணீர், பிறகு அரை வாளி. ஒருநாள் உற்சாகம் பொங்கி வீட்டோரச் சாக்கடை முழுவதையும் ஒரே மூச்சில் வாரிப்போட்டான். மறுநாள் காலையில் இடுப்பு பலகையாக இறுகிக் கிடந்தது. மலர் ஓட்டமாக ஓடிப் பெங்கோங்கை எடுத்து வந்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் அவனும் நினைத்தான். பிறகு மெதுவாகக் காலை அசைத்துப் பார்த்தான். மரத்துப்போகவில்லை.

“வேணாம்க்கா. நேத்து ஜாஸ்தி. அவ்வளவுதான். இன்னிக்குக் கோயில் வரைக்கும் போதும்.”

போய்வந்தான். அதற்கடுத்த நாள் இறுக்கம் பாதியாகியது. அன்றைக்குத்தான் அவனுக்குத் தன் உடம்புமேல் மறுபடியும் நம்பிக்கை வந்தது. இனிப் பின்வாசலில் வெறும் கம்பை நிமிர்த்திப் பிடித்துப் பழகலாம் என்று முடிவு செய்தான்.

கம்பை எடுத்த அன்று மாலையில்தான் அந்தச் சண்டை. மண்டோர் சொன்ன மாசக் கடைசி நெருங்கிவிட்டது. மலர் கோயிலுக்குப் போயிருந்தாள். செல்வராணி வேலை முடிந்து வந்தாள். உதிரிப்பழம் பொறுக்குகிறவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவன் வெட்டும் நிரையில் அவன் பின்னாலேயே பொறுக்கினாள். இப்போது சுப்ரி பின்னால் பொறுக்குகிறாள். கம்பைப் பார்த்தவள் பையை வைத்துவிட்டு நின்றாள்.

“அத எதுக்கு எடுத்தீங்க?”

“மண்டோர்கிட்ட நாளைக்குச் சொல்லப் போறேன். மொதல்ல குட்ட மரமா குடுங்க, தேத்தண்ணி நேரம் வரைக்கும் வெட்றேன்னு.”

“நான் சொல்லிட்டேன்.”

“என்னா சொன்ன?”

“ஜாகா வேல ஒங்களுக்கே வேணும்னு சொல்லிட்டேன். போன வாரமே.”

மதிவாணன் கம்பைத் தரையில் ஊன்றினான். “என்னையக் கேக்காம? நான் என்னா செத்தா போயிட்டேன்?”

“செத்துட்டீங்கன்னுதான் நெனைச்சேன்!” செல்வராணி கத்திப் பேசி அவன் அதுவரைக்கும் கேட்டதில்லை. “அன்னிக்கு நீங்க போட்ட சத்தம் இன்னும் என் காதுல கெடக்குது. குளிக்கப் போனா கேக்குது. ஒங்களுக்கு வெட்டு பெருசு. எனக்கு நீங்க எந்திரிச்சு நடமாடுனா போதும்.”

அவன் கம்பைச் சுவரில் சாய்த்தான். கோபம் இறங்கியபின் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

“ராணி, இப்ப நல்லாத்தான் இருக்கேன். என்னால வெட்ட முடியும்.”

“தெரியும். ஒங்களால முடியும்னு எனக்குத் தெரியாதா? ஒங்களால நிறுத்த முடியுமான்னுதான் எனக்குத் தெரியல. அன்னிக்குத் தோங்கு தூக்குனப்பவும் முடியும்னுதான தூக்குனீங்க.”

இரவுச் சோறு முடிந்தது. கை கழுவும்போது செல்வராணியே சொன்னாள். “ஒரு நாள் போயிப் பாருங்க. மண்டோர்கிட்ட நானே சொல்றேன். நான் ஒங்க பின்னாலயே பொறுக்குவேன். எனக்குச் சரின்னு படலன்னா, மறுநாள் நீங்க கொட்டாய்க்குப் போயிரணும். சரியா?”

“சரி” என்றான் மதிவாணன்.

ஜெயபாலன் பள்ளத்தோரத்துக் குட்டை மரங்களாகப் பார்த்துக் கொடுத்தார். விடியலில் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் பிரித்ததும், மறுபடியும் மரத்தடியில் காலடி வைத்தான் மதிவாணன். முதல் குலைக்கு மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. உடம்பைத் திருகாமல், காலை நகர்த்தி மரத்துக்கு நேராக நின்று சுண்டினான். குலை தொப்பென்று விழுந்து உருண்டது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தபோது இடுப்பு குத்தவில்லை. அதற்குப் பிறகு மரம் மரமாகப் போனான். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தரம் கம்பை ஊன்றி நின்று மூச்சு வாங்கினான். குலைகளை வண்டியில் ஏற்றுவது மட்டும் சுப்ரி. செல்வராணி சாக்கோடு பின்னாலேயே வந்தாள், பழத்தைப் பாதியும் அவன் முதுகைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டு.

தேத்தண்ணி நேரம் வந்தபோது கொடுத்த மரங்களில் கடைசி மரத்தடியில் இருந்தான். கீழே உதிரிப்பழம் செவசெவ என்று கொட்டிக் கிடந்தது. மேலே குலை நன்றாகப் பழுத்துவிட்டது. பழுத்த குலையை மரத்திலேயே விட்டுவிட்டுப் போவது வெட்டுக்காரனுக்கு மானக்கேடு. மறுநாள் பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் பேரைச் சொல்லி ஏசுவார்கள். மதிவாணனின் பேர் அப்படி ஒருநாளும் கூப்பிடப்பட்டதில்லை. உடம்பில் தெம்பு இன்னும் மிச்சமிருந்தது. இடுப்பு எங்கேயோ லேசாக முனகியது, அவ்வளவுதான். தூக்கினால் ஒரே சுண்டில் விழும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கை கம்பை ஏற்கெனவே பாதி நிமிர்த்திவிட்டது.

பின்னால் பழம் பொறுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவன் கம்பை மெல்ல இறக்கினான். தழையின்மேல் படுக்கவைத்தான். தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்தான்.

பாதையில் மோட்டார் சைக்கிளோடு நின்ற ஜெயபாலன் அண்ணாந்து பார்த்தார். “என்னா மதி? ஒன்னே ஒன்னுதான, தட்டி வுட்டுட்டுப் போ. சுப்ரியும் அந்தப் பக்கம் போயிட்டான். பழுத்தத வுட்டா நாளைக்குப் பெரட்டுல பேரச் சொல்லுவாங்க. அப்பறம் என்னையக் கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லச் சொல்லுங்கண்ணே. நல்லா சத்தமாவே சொல்லச் சொல்லுங்க” என்றான் மதிவாணன். “நாளைக்குப் பெரட்டுல நான் நின்னுக்கிட்டுதான் இருப்பேன்.”

ஜெயபாலன் தலையைச் சொறிந்தார். செல்வராணி சாக்கின் வாயைக் கட்டினாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதைப் பக்கம் வந்தாள்.

“அண்ணே, அந்த ஜாகா வேலைய வேற யாருக்காச்சும் குடுத்துருங்க” என்றாள்.